வெள்ளிப் பூச்சுள்ள கதீட்டர் வாங்கலாமா? அப்பாவுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அடைத்துக்கொள்கிறது

கத்ர் போர்ன் ஆசிரியை (திங்கள், இரவு 9.40)

வணக்கம். நான் மொரீஷியஸில் கத்ர் போர்னில் வசிக்கிறேன், தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். மருத்துவச் சொற்கள் எனக்குப் பிரெஞ்சில்தான் பழக்கம். சிறுநீரை வெளியேற்றச் சிறுநீர்ப்பைக்குள் வைக்கும் குழாயான கதீட்டரை இங்கே எல்லாரும் 'சோந்த்' என்போம். தமிழில் இதைப் பற்றிக் கேட்பது எனக்கு இதுவே முதல் முறை.

அப்பாவுக்கு 79 வயது. சர்க்கரை ஆலையில், கரும்புச் சாற்றைக் காய்ச்சி இறுக்கும் ஆவியாக்கிப் பிரிவில், முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். புராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர் நின்றுபோனது. இதயம் பலவீனமாக இருப்பதால் அறுவை சிகிச்சை இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் சோந்த் வைத்தார்கள். இன்றுவரை ஏழு மாதம் ஆகிறது.

முதல் இரண்டு மாதம் தொல்லை இல்லை. அதன்பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, சில நேரம் பதினைந்தே நாளில், அடைத்துக்கொள்கிறது. அது பெரும்பாலும் இரவில்தான் நடக்கிறது. அடிவயிறு கல்லாக இறுகி, முகமெல்லாம் வியர்த்து, அப்பா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் வாய்விட்டு அலறுகிறவர் அல்லர். அந்த மௌனத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவசரப் பிரிவுக்கு ஓடுவோம். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பார்கள், ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுப்பார்கள். இப்படிப் பல முறை ஆகிவிட்டது.

போன வாரம் ஒரு மருந்துக்கடையில் வண்ணக் கையேடு ஒன்றைக் காட்டினார்கள். இடப்பக்கப் படத்தில் சாதாரணக் குழாய், அதன்மேல் கொத்துக் கொத்தாகப் பாக்டீரியா. வலப்பக்கத்தில் வெள்ளி பூசிய குழாய், துடைத்துவைத்ததுபோல இருக்கிறது. 'இதில் பாக்டீரியா ஒட்டவே ஒட்டாது' என்றார்கள். இப்போது வைத்திருக்கும் மஞ்சள் லேட்டக்ஸ் (ரப்பர்) குழாயைப் போல ஐந்து மடங்கு விலை. தம்பி மனைவியின் உறவினர் பக்கத்துத் தீவான ரெயூனியனில் இருக்கிறார்கள், அங்கிருந்தும் தருவித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். அடைப்பு நிற்கும் என்றால் எந்த விலையும் எனக்குப் பெரிதில்லை.

பூச்சு உண்மையிலேயே பாக்டீரியாவை ஒட்டவிடாமல் தடுக்குமா? அப்பாவோ ஒவ்வொரு முறையும் ஒன்றையே கேட்கிறார்: 'உள்ளே என்னதான் போய் அடைக்கிறது?' மருத்துவமனையில் அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

டர்பன் முருகேசன் (திங்கள், இரவு 11.05)

வணக்கம் அக்கா. போன ஆண்டு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது வெள்ளி பூசிய குழாயைத்தான் வைத்தார்கள். பத்து நாள் இருந்தது. காய்ச்சலோ அடைப்போ எதுவும் இல்லை. பிறகு எடுத்துவிட்டார்கள். வசதி இருந்தால் வாங்கிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அப்பா விரைவில் நலமடைய வேண்டுகிறேன்.

ரோஸ் ஹில் ஆய்வகத்தார் (செவ்வாய், காலை 6.15)

அம்மா, உங்கள் அப்பாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பூச்சைப் பற்றிய உங்கள் கேள்வியும் பாதி தீர்ந்துவிடும்.

நான் மருத்துவர் அல்லன். சென்னையில் நுண்ணுயிரியல் படித்துவிட்டு ஊர் திரும்பி, இருபத்தொன்பது ஆண்டுகள் ஆய்வகத்தில் சிறுநீர், இரத்தம், சீழ் மாதிரிகளைப் பார்த்தவன். அடைத்துப்போன கதீட்டர்கள் பல என் மேசைக்கு வந்திருக்கின்றன. அவற்றைப் பிளேடால் நீளவாக்கில் பிளந்து பார்ப்பது என் வழக்கம். உள்ளே சளி இருக்கும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். பிளந்தால் பிளேடு நறநறவென்று உரசும். சாம்பல் கலந்த வெள்ளை நிறத்தில் பொருக்கு, விரலால் தேய்த்தால் மணலைப் போல உதிரும்.

அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள். ஆவியாக்கியில் கரும்புச் சாறு கொதித்து இறுகும்போது, சாற்றில் கரைந்திருந்த சுண்ணாம்புப் பாஸ்பேட்டு பிரிந்து குழாய்ச் சுவரில் படியும் அல்லவா? அந்தப் பொருக்கைக் காஸ்டிக் சோடா ஊற்றிக் காய்ச்சிக் கரைத்து எடுப்பார்கள் அல்லவா? அவருடைய சோந்துக்குள்ளும் படிவது பாஸ்பேட்டுதான். ஆலையில் அதைப் பிரித்துப் படியவைப்பது வெப்பம். உடலுக்குள் அந்த வேலையை ஒரு பாக்டீரியா செய்கிறது.

பெரும்பாலும் அது புரோட்டியஸ் மிராபிலிஸ். ஆய்வகத்தில் மற்ற பாக்டீரியாக்கள், அகார் என்ற கூழ் ஊற்றிய வளர்ப்புத் தட்டில் புள்ளி புள்ளியாக நிற்கும். இது நிற்காது. குளத்தில் கல் விழுந்ததுபோல வளையம் வளையமாகப் பரவி, ஓர் இரவில் தட்டு முழுவதையும் மூடிவிடும். காலையில் இன்குபேட்டர் கதவைத் திறந்த உடனே வாடையிலேயே இன்னதென்று தெரிந்துவிடும். இதனிடம் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. சிறுநீரில் உள்ள யூரியாவை அது உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. சிறுநீர் காரத்தன்மைக்கு மாறுகிறது. காரம் ஏறியதும் மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட்டு மூன்றும் சேர்ந்த ஸ்ட்ரூவைட் படிகமும், கால்சியம் பாஸ்பேட்டும் கரைசலிலிருந்து பிரிந்து, பாக்டீரியாக் கூட்டம் ஏற்கெனவே விரித்துவைத்திருக்கும் பிசின் படலத்தில் சிக்கிக்கொள்கின்றன. படலமும் படிகமும் சேர்ந்து இறுகிக் கல்லாகின்றன. கதீட்டரின் நுனியில் பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கண்துளைதான் முதலில் மூடும்.

இனி அந்தக் கையேட்டுப் படத்துக்கு வருகிறேன். அது பொய்ப் படம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குழாய் எந்தத் திரவத்தில், எத்தனை மணி நேரம் கிடந்தது என்று கேளுங்கள். இத்தகைய படங்கள் பெரும்பாலும் ஆய்வகக் குடுவையில் ஓரிரு நாள் வைத்து எடுத்தவை. உங்கள் அப்பாவின் சிறுநீர்ப்பை குடுவை அன்று. குழாய் உள்ளே போன சில நிமிடங்களிலேயே உடலின் புரதங்கள் அதன்மேல் படியத் தொடங்கிவிடுகின்றன. குழாய் உரசுவதால் சிறுநீர்ப்பைச் சுவரில் புண் ஏற்படுகிறது. அங்கிருந்து ஃபைப்ரினோஜென் என்ற, இரத்தம் உறையப் பயன்படும் புரதம் கசிந்து வந்து குழாயைப் போர்த்திக்கொள்கிறது. என்டரோகாக்கஸ் என்ற பாக்டீரியாவுக்கு அந்த ஃபைப்ரினோஜெனைப் பற்றிக்கொள்வதற்கென்றே மயிர் போன்ற இழைகள் உண்டு. அது வெள்ளியையோ சிலிக்கோனையோ தொடுவதே இல்லை, நம் உடல் போர்த்திய போர்வையைத்தான் தொடுகிறது.

மாஎபூர் கடற்கரையில் மீனவர்கள் தோணியைக் கவிழ்த்துப்போட்டு அடிப்பாகத்தைச் சுரண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கடலில் இறக்கிய தோணியில் முதலில் கண்ணுக்குத் தெரியாத வழுவழுப்புத்தான் ஏறும். கொட்டலசும் பாசியும் அதன்மேல்தான் வந்து குடியேறும். செம்பு கலந்த பெயின்ட் பூசினால் கொஞ்ச காலம் தள்ளிப்போகும், ஏனென்றால் செம்பு கரைந்துகொண்டே இருக்கும். கரைந்து தீர்ந்தால் தோணியை மேலேற்றி மறுபடியும் பூசலாம். சிறுநீர்ப்பைக்குள் இருக்கும் குழாய்க்கு மறுபூச்சு பூச வழி இல்லை.

பூச்சுகளில் இரண்டு குணம் உண்டு. ஒன்று, ஒட்டவிடாமல் வழுக்கச்செய்வது. ஹைட்ரோஜெல், டெஃப்லான் போன்றவை அந்த வகை. ஹைட்ரோஜெல் நீரை உறிஞ்சி வழவழப்பாகிறது. குழாயை நுழைக்கும்போது எரிச்சல் குறைகிறது, அது உண்மையான நன்மை. ஆனால் ஆய்வகச் சோதனையில் புரோட்டியஸ் முழுச் சிலிக்கோன் குழாயைவிட ஹைட்ரோஜெல் பூசிய லேட்டக்ஸ்மீது வேகமாகவே ஊர்ந்து கடந்தது. நமக்கு வழுக்குவது அதற்கும் வழுக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டாவது குணம், வருவதைக் கொல்வது. வெள்ளியும், நைட்ரோஃபியூரசோன் என்ற பாக்டீரியாக்கொல்லி மருந்தும் அந்த வகை. வெள்ளி அயனிகள் பாக்டீரியாப் புரதங்களிலுள்ள கந்தகப் பகுதியைப் பிடித்து அவற்றைச் செயலிழக்கச் செய்கின்றன. ஆனால் சிறுநீரில் உள்ள குளோரைடும் புரதங்களும் அதே அயனிகளைப் பிடித்துக்கொள்கின்றன. மேலே படிகம் மூடியபின் வெள்ளி அடியில் புதைந்துபோகிறது. இறந்த பாக்டீரியாவின் உடலே அடுத்து வருவதற்குப் பாய் ஆகிவிடுகிறது.

இது என் ஊகம் மட்டும் அன்று. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து என்று பிரிட்டனின் 24 மருத்துவமனைகளில் சுமார் 7,000 நோயாளிகளை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. 2012இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியானது. சிலருக்கு வெள்ளிக் கலவை பூசியது, சிலருக்கு நைட்ரோஃபியூரசோன் ஊட்டியது, மற்றவர்களுக்கு டெஃப்லான் பூசிய சாதாரண லேட்டக்ஸ். ஆறு வாரத்துக்குள் மருந்து எழுதும் அளவுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தவர்கள், சாதாரணக் குழாயில் நூற்றுக்கு 12.6, வெள்ளியில் 12.5, நைட்ரோஃபியூரசோனில் 10.6. வெள்ளிக்கும் சாதாரணத்துக்கும் சொல்லத்தக்க வித்தியாசமே இல்லை. நைட்ரோஃபியூரசோன் கொஞ்சம் குறைத்தது, ஆனால் சிகிச்சை முறையையே மாற்றுவதற்கு எவ்வளவு குறைய வேண்டும் என்று அவர்கள் முன்கூட்டியே வகுத்திருந்த அளவை அது எட்டவில்லை. எடுக்கும்போது வலியும் கூடுதலாக இருந்தது.

அந்தச் சோதனையும்கூட அதிகபட்சம் பதினான்கு நாள் குழாய் வைத்திருந்தவர்களைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். தம்பி முருகேசன் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னது முழு உண்மை, அந்த அம்மா நலமாக இருப்பதில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் பத்து நாளில் சாதாரணக் குழாய் வைத்திருந்தாலும் பலருக்கு ஒன்றும் ஆகாது. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் பாக்டீரியா குடியேறும் வாய்ப்பு நூற்றுக்கு 3 முதல் 7 வரை கூடிக்கொண்டே போகிறது. ஒரு மாதம் ஆனால் கிட்டத்தட்ட எல்லாருக்கும் வந்துவிடும். உங்கள் அப்பாவுக்கு ஏழு மாதம்.

ஆகவே என் பதில்: இந்த நிலையில் வெள்ளிப் பூச்சுக்காக ஐந்து மடங்கு கொடுக்காதீர்கள். மருத்துவரிடம் முழுச் சிலிக்கோன் குழாயைக் கேளுங்கள். காரணம் பூச்சு அன்று, துளை. லேட்டக்ஸ் குழாயின் சுவர் தடிப்பு, அதன்மேல் பூச்சு வேறு. முழுச் சிலிக்கோனுக்குச் சுவர் மெல்லியது. ஆகவே வெளியளவு ஒன்றாக இருந்தாலும் உள்துளை அகலமாக இருக்கும். 16ஆம் எண் என்றால் வெளிவிட்டம் சுமார் 5.3 மில்லிமீட்டர், மூன்று எண்ணுக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கு. சிலிக்கோனிலும் பொருக்கு படியும், ஏமாற வேண்டாம். ஆனால் அகலமான துளை அடைபடக் கூடுதல் நாள் பிடிக்கும். அதற்காகப் பெரிய எண்ணாக வைக்கச் சொல்லாதீர்கள், அது சிறுநீர்த்தாரையைப் புண்ணாக்கும்.

இன்னும் மூன்று காரியம். வைத்த தேதி, அடைத்த தேதி, இடையில் எத்தனை நாள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்று முறைக்கு எழுதினாலே ஓர் ஒழுங்கு தெரியும். பதினெட்டாம் நாள் அடைக்கிறது என்றால் பதினான்காம் நாளே பகலில், நிதானமாக, மாற்றச் சொல்லிக் கேட்கலாம். இரவு இரண்டு மணி ஓட்டம் நிற்கும். அடுத்து, எடுத்த குழாயைக் குப்பையில் போடவிடாமல் வாங்கிப் பிளந்து பாருங்கள். பொருக்கு இருந்தால் மருத்துவரிடம் காட்டி, சிறுநீர்ப்பைக்குள் கல் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். அடிக்கடி அடைப்பவர்களில் பலருக்குக் கல் இருக்கும். பாக்டீரியா அந்தக் கல்லுக்குள் குடியிருக்கும்வரை எத்தனை புதுக் குழாய் வைத்தாலும் அங்கிருந்து கிளம்பி வந்துவிடும்.

மூன்றாவது ஆன்டிபயாடிக். இதை எழுதும்போதே எனக்கு மனம் பதைக்கிறது. காய்ச்சல், நடுக்கம், விலாவலி, திடீர்ப் புத்தித் தடுமாற்றம் ஏதும் இல்லாமல், சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, நாறுகிறது என்பதற்காக மட்டும் கொடுக்கும் மருந்து படலத்துக்குள் இருக்கும் பாக்டீரியாவை ஒழிக்காது. எளியவற்றைக் கொன்று, மருந்துக்கு அடங்காதவற்றை மட்டும் விட்டுவைக்கும். பிற்பாடு உண்மையான காய்ச்சல் வரும் நாளில் கொடுக்க மருந்தே இல்லாமல் போகும். அப்படிப்பட்ட அறிக்கைகளில் என் கையாலேயே கையெழுத்திட்டிருக்கிறேன். சிறுநீர்ப் பரிசோதனை வேண்டும் என்றால் புதுக் குழாய் வைத்தபின் அதிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். பழைய குழாயிலிருந்து எடுத்தால், குழாய்ச் சுவரில் வாழ்வதன் பெயரைத்தான் நாங்கள் எழுதித் தருவோம்.

சேன் தெனி செவிலி (செவ்வாய், மாலை 5.30)

வணக்கம் அக்கா. நான் புதுச்சேரிக்காரி. ரெயூனியனில் வீடு வீடாகச் சென்று பார்க்கும் செவிலியாகப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். ஐயா சொன்னதோடு கைப்பழக்கத்தில் கற்ற சிலவற்றைச் சேர்க்கிறேன்.

பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது. குழாயைத் தொடையில் ஒட்டி நிறுத்துங்கள், இழுபட்டால் உள்ளே புண்ணாகும். பைக்கும் கதீட்டருக்கும் உள்ள இணைப்பைக் காரணமின்றிக் கழற்றவே கூடாது. 1960களுக்கு முன்பு குழாயைத் திறந்த புட்டியில் விட்டு வைத்திருந்தார்கள், கிட்டத்தட்ட எல்லாருக்கும் நான்கு நாளில் தொற்று வந்துவிடுமாம். மூடிய பை வந்தபிறகுதான் அந்த நிலை மாறியது. எங்கள் பயிற்சிப் பள்ளியில் முதல் வகுப்பிலேயே சொல்லித் தந்த பாடம் இது. இணைப்பைக் கழற்றினால் அந்தத் திறந்த புட்டிக்கே திரும்பிப் போகிறோம்.

முழுச் சிலிக்கோன் வைத்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். குழாய் நழுவி வராமல் சிறுநீர்ப்பைக்குள் பிடித்து நிறுத்தும் அதன் பலூனிலிருந்து நீர் மெல்ல மெல்லக் கசிந்து குறையும். பலூனில் சுத்திகரித்த நீர்தான் ஊற்ற வேண்டும், உப்புக்கரைசல் ஊற்றினால் படிகம் கட்டிக் குழல் அடைத்துக்கொள்ளலாம். எடுக்கும்போது ஊசிக்குழலால் வெடுக்கென்று உறிஞ்சக் கூடாது. ஊசிக்குழலைப் பொருத்திவிட்டுக் காத்திருந்தால் நீர் தானாக இறங்கும். அவசரப்பட்டு உறிஞ்சினால் பலூன் மடிப்பு விழுந்து, வெளியே வரும்போது கிழிக்கும். அப்பா வலி பொறுக்கிறவர் என்று எழுதியிருந்தீர்கள். அப்படிப்பட்டவர்களிடம்தான் நான் இரு மடங்கு நிதானமாக எடுப்பேன்.

மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் பாருங்கள். குடல் நிரம்பி அழுத்தினாலும் சிறுநீர் இறங்காது, அதையும் அடைப்பு என்று நினைத்து ஓடிவருவார்கள்.

கத்ர் போர்ன் ஆசிரியை (செவ்வாய், இரவு 8.50)

இரண்டு பேருக்கும் என் நன்றியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஐயா எழுதியதை இன்று மாலை அப்பாவுக்கு எங்கள் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் சொன்னேன். ஆவியாக்கி என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். 'காஸ்டிக்கை உள்ளே ஊற்ற முடியாதே, வேறு என்ன செய்யலாம் என்று கேள்' என்றார். எலுமிச்சைச் சாறு நல்லது என்று அத்தை சொல்கிறார். அதில் ஏதேனும் உண்மை உண்டா?

ரெதுய் மாணவன் (செவ்வாய், இரவு 10.20)

ஐயா, நான் பொறியியல் படிக்கிறேன், பொருளறிவியலில் ஆர்வம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பூச்சு ஆராய்ச்சி முழுவதும் வீண் என்பதுபோல இருக்கிறது. சுறாத் தோல் மாதிரியில் செய்த மேற்பரப்பைப் பற்றிப் படித்திருக்கிறேன். அதுவும் பயன்படாதா?

ரோஸ் ஹில் ஆய்வகத்தார் (புதன், காலை 6.40)

அம்மா, அத்தை சொல்வதில் உண்மை இருக்கிறது. எலுமிச்சையில் உள்ள சிட்ரேட்டு சிறுநீருக்கு வரும்போது, படிகம் பிரியத் தொடங்கும் கார அளவை மேலே தள்ளுகிறது. நிறையத் தண்ணீர் குடித்துச் சிறுநீரை நீர்க்கச் செய்தாலும் அதே விளைவு. இரண்டும் சேர்ந்தால் பொருக்கு கட்ட நாள் கூடுதலாகும். ஆலையில் சாற்றை இறுகவிடாமல் நீர்க்க வைத்தால் எப்படியோ அப்படி என்று அப்பாவிடம் சொல்லுங்கள். ஆனால் அவருக்கு இதயம் பலவீனம் என்கிறீர்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் குடிக்கலாம் என்பதை அவருடைய இதய மருத்துவரிடம் கேட்காமல் ஒரு குவளைகூடக் கூட்டாதீர்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள்: இந்தக் குழாய் நிரந்தரமாக இருந்தே ஆகவேண்டுமா? 1972இல் அமெரிக்காவில் லாபிடஸ் என்ற மருத்துவர், சிறுநீர்ப்பையை அவ்வப்போது குழாய் நுழைத்துக் காலிசெய்து உடனே எடுத்துவிடும் முறையைப் பதிவுசெய்தார். சுத்தமான கை போதும், அறுவை அரங்கின் சுத்தம் வேண்டாம் என்றும் காட்டினார். உள்ளேயே தங்காத குழாயில் படலம் கட்ட நேரமே இல்லை. புராஸ்டேட் வீங்கிய எல்லாருக்கும், 79 வயதில், இது இயலும் என்று சொல்ல மாட்டேன். கை நடுங்காமல் இருக்க வேண்டும், கண் தெரிய வேண்டும், அல்லது வீட்டில் ஒருவர் பழக வேண்டும். ஆனால் ஏழு மாதமாக யாரும் இந்தக் கேள்வியை எழுப்பவில்லை என்றால் நீங்கள் எழுப்புங்கள். இதயத்தைக் காரணம் காட்டி அறுவையைத் தள்ளிவைத்த முடிவையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். எப்போதோ எடுத்த முடிவு, இன்றைக்கும் சரிதானா என்று பார்ப்பதில் தவறில்லை.

தம்பி, ஆராய்ச்சி வீண் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். சுறாத் தோல் மேற்பரப்பு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களின் அடியில் பாசி ஏறாமல் தடுக்கும் வழியைத் தேடப்போய்க் கிடைத்தது. ஆகவே மாஎபூர் தோணியைப் பற்றி நான் சொன்னது வெறும் உவமை அன்று, இரண்டும் ஒரே சிக்கல்தான். இரண்டு மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலமுள்ள வரப்புகளை வைரக்கல் வடிவில் அடுக்கியிருப்பார்கள். மருந்து எதுவும் இல்லை, வடிவம் மட்டும்தான். பாக்டீரியா உட்கார வசதியான சமதளம் கிடைப்பதில்லை. மருந்து இல்லாததால் அதற்கு எதிர்ப்புத்திறன் வளரவும் இடமில்லை. இந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் வரப்புகளின் உயரம் மூன்று மைக்ரான்தான். புரதப் போர்வையும் படிகமும் வரப்புகளின் இடைவெளியை நிரப்பிவிட்டால் எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் என் கேள்வி.

நம் பக்கத்து மடகாஸ்கரில் குடுவைத் தாவரம் இருக்கிறது, தெரியுமா? அந்த இனத்துச் செடிகளின் குடுவை விளிம்பு ஈரத்தைப் பிடித்துவைத்திருப்பதால் எறும்பு கால் ஊன்ற முடியாமல் உள்ளே வழுக்கி விழும். திடப் பரப்பின்மேல் எப்போதும் ஒரு திரவப் படலம். அதைப் பார்த்து 2011இல் ஹார்வர்டில் ஒரு பரப்பைச் செய்தார்கள். அதே வழியில் சிலிக்கோன் குழாயில் சிலிக்கோன் எண்ணெயை ஊறவைத்து, 2022இல் எலிகளில் சோதித்த முடிவு வெளிவந்தது. அவர்கள் பாக்டீரியாவைக் குறிவைக்கவில்லை. ஃபைப்ரினோஜென் படியாமல் தடுத்தார்கள். புரதம் படிவது குறைந்தது, பாக்டீரியா ஒட்டுவதும் குறைந்தது. இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. இருபத்தொன்பது ஆண்டுகளாக நாங்கள் தட்டில் பாக்டீரியாவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம், அதன் காலடியில் விரிந்திருந்த பாயைப் பார்க்கவில்லை. எலியில் கிடைத்த முடிவை மனிதர்களில் மாதக்கணக்கில் நிரூபிக்க வேண்டியிருக்கிறது, எண்ணெய் எத்தனை நாள் தங்கும் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. பொருளறிவியலில் ஆர்வம் என்றாய் அல்லவா? உனக்கு வேலை காத்திருக்கிறது. ஒன்று மட்டும் நினைவில் வை: உன் பூச்சை உப்புக்கரைசலில் சோதிக்காதே. புரோட்டியஸ் வளரும் சிறுநீரில் சோதி, இரண்டு வாரத்துக்குக் குறையாமல் சோதி.

டர்பன் முருகேசன் (புதன், காலை 9.10)

ஐயா, வாங்கச் சொல்லி அவசரப்பட்டு எழுதிவிட்டேன். விளக்கியதற்கு நன்றி. அக்கா, என் பதிலை நம்பிப் பணம் எதுவும் கட்டிவிடவில்லையே?

கத்ர் போர்ன் ஆசிரியை (அடுத்த வாரம் வெள்ளி, இரவு 7.30)

இல்லை தம்பி, கட்டவில்லை. கவலைப்படாதீர்கள்.

நேற்றுப் பகலிலேயே, அடைக்கும் முன், மாற்றச் சொல்லி அழைத்துப்போனேன். முழுச் சிலிக்கோன், 16ஆம் எண். பலூன் நீரைத் தானாக இறங்கவிடும்படி கேட்டுக்கொண்டேன். அங்கிருந்த செவிலி அப்படியே செய்தார். இந்த முறை வலி குறைவு என்று அப்பா சொன்னார். காய்ச்சல் இல்லாததால் ஆன்டிபயாடிக் வேண்டாமே என்று கேட்டேன், மருத்துவரும் ஒப்புக்கொண்டார்.

பழைய குழாயைப் பையில் போட்டு வாங்கி வந்து, கையுறை மாட்டிக்கொண்டு, வராந்தாவில் செய்தித்தாளை விரித்துப் பிளேடால் பிளந்தேன். ஐயா எழுதியபடியே நறநறவென்றது. அப்பா தானும் கையுறை கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தப் பொருக்கை விரலில் எடுத்து வெகுநேரம் தேய்த்துப் பார்த்தார். 'இதுவா! இதை நான் முப்பத்திரண்டு வருடம் சுரண்டியிருக்கிறேன்' என்றார். பிறகு நோட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஆலையில் ஷிப்ட் புத்தகம் எழுதுவாராம், அதே மாதிரிக் கோடு போட்டு நாள், நேரம், நிறம், அளவு என்று நான்கு கட்டம் வரைந்திருக்கிறார். இனி அவரே எழுதுவாராம்.

இதய மருத்துவர் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர்வரை அனுமதித்திருக்கிறார், அதற்குள் எலுமிச்சையும் அடக்கம். சிறுநீர்ப்பை ஸ்கேன் வரும் புதன்கிழமை. கல் இருக்கிறதா என்று தெரிந்ததும் இங்கே எழுதுகிறேன்.